புதையல் மாமாவுக்கு எந்தக் கால்?

என் மனைவியிடம் பொய் சொல்லித் தப்பித்தவன் எவனும் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு நாள், வேலை முடிய நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன். ஏற இறங்கப் பார்த்தாள். "காலையில போகும்போது சட்டையில மேல் பட்டன் போடாம போனீங்க. இப்ப கழுத்து வரைக்கும் போட்டிருக்கீங்க. எங்க கழட்டி மாட்டினீங்க?" என்றாள். நண்பனோடு நீச்சல் குளத்துக்குப் போயிருந்தேன். அன்றோடு பொய் சொல்வதை விட்டுவிட்டேன்.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். அவள் சினிமாவில் கன்டினியூட்டி பார்ப்பவள். ஒரே காட்சியை இன்று பாதி, அடுத்த மாதம் பாதி என்று எடுப்பார்கள். இன்று நாயகன் நெற்றியில் வழிந்த ரத்தம் அடுத்த மாதமும் அதே புருவத்துக்கு மேல்தான் வழிய வேண்டும். கையில் இருந்த டம்ளரில் எவ்வளவு தண்ணீர், எந்தக் காதில் பென்சில் என்று எல்லாவற்றையும் நோட்டில் குறித்து வைப்பது அவள் வேலை. இதற்கும் சம்பளம் கொடுக்கிறார்களா என்று என் அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் இருபத்தாறு வருடமாகக் கட்டிக்கொண்டு அழுதது ஒரே ஒரு படவரிசையை. புதையல் தேடிக் காடு, மலை, கடல் என்று அலையும் ஒரு ஆசாமியைப் பற்றி ஆறு படங்கள். பிள்ளைகள் அவரைப் 'புதையல் மாமா' என்றார்கள். ஒரு காலை நொண்டிக்கொண்டு, கையில் தடியோடு வருவார். இரண்டு காலும் நன்றாக இருக்கும் வில்லன்கள் அவரிடம் தோற்றுக்கொண்டே இருப்பார்கள். எனக்கு இதில் எந்தக் காலத்திலும் நம்பிக்கை கிடையாது. பள்ளத்தாக்கில் விழுந்தவர் எழுந்து தொப்பியைத் தேடுகிறார் என்றால் யார்தான் நம்புவது? ஆனால் ஜனங்கள் நம்பினார்கள். அந்தத் தொப்பி போன தடவை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று என் மனைவி கவலைப்பட்டாள்.

இப்போது அந்தக் காலுக்கு வருகிறேன். முதல் படத்தின் முடிவில் மாமாவுக்கு இடது காலில் குண்டு பாயும். அந்தக் காட்சி எடுத்த அன்று என் மனைவிக்குப் பல் வலி, கன்னம் கொழுக்கட்டையாக வீங்கியிருந்தது. எப்போதும் நடிகரின் பக்கத்திலிருந்து குறிக்க வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் அரிச்சுவடி. நடிகரின் இடது என்றால்தான் இடது. அன்று அவள் எதிரே உட்கார்ந்து கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே எழுதிவிட்டாள்: வலது கால். இரண்டாம் படம் தொடங்கியபோது நோட்டைப் பார்த்து வலது என்றாள். நடிகர் வலது காலை நொண்டினார். அவர் தன் வசனத்தையே ஞாபகம் வைத்துக்கொள்ளாதவர், கால் எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது?

பதினெட்டாவது நாள் பழைய படத்தைப் போட்டுப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. யானைக்கும் அடி சறுக்கும், ஆனால் யானை பதினெட்டு நாள் சறுக்காது. "ஜனங்க முகத்தைத்தான் பாப்பாங்க, காலையா பாப்பாங்க?" என்றார் தயாரிப்பாளர். அப்படியே விட்டார்கள். என் மனைவி மட்டும் அன்றைய பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினாள்: 'இடது காலுக்குப் பதில் வலது கால். தவறு என்னுடையது.'

தயாரிப்பாளர் சொன்னது ஏறக்குறையச் சரி. யாரும் கண்டுபிடிக்கவில்லை, ஒரே ஒரு கடிதத்தைத் தவிர. கோடு போட்ட நோட்டுத் தாளில் இரண்டு கால்கள் வரைந்து, 'மாமாவுக்கு எந்தக் கால் வலிக்கிறது?' என்று ஒரு பத்து வயதுக் குழந்தை கேட்டிருந்தது. அப்போதைய டைரக்டர் அதை என் மனைவியின் மேசையில் போட்டு, "உன் கால்தானே, நீயே பதில் போடு" என்றார். என்னிடம் நீச்சல் குளத்தைக் கண்டுபிடித்தவள், அன்று கம்பெனித் தாளில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள்: 'உன் கண்ணுக்கு ஒரு சபாஷ்! குண்டு பாய்ந்த காயம் எப்போதோ ஆறிவிட்டது, இப்போது மாமாவுக்குக் கால் வலியே கிடையாது. எதிரிகளை ஏமாற்றத்தான் நொண்டுகிறார். அவசரத்தில் கால் மாறிவிட்டது. இது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். யாரிடமும் சொல்லாதே.' டைரக்டர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவளுடையது இருபத்து நான்கு வருடம் தாங்கியது.

போன வருடம் அந்த டைரக்டர் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஓய்வு பெற்றார். அவருக்கு எந்த முழங்கால் என்பதும் என் மனைவிக்குத் தெரியும். ஏழாவது படத்துக்குப் புது டைரக்டர் வந்தார், முப்பத்து நான்கு வயதுப் பெண். வந்த வேகத்தில் கேமராமேனை மாற்றினார், எடிட்டரை மாற்றினார், இருபது வருடமாகத் தொப்பியைப் பாதுகாத்தவரையும் வீட்டுக்கு அனுப்பினார். அடுத்து என் மனைவிக்கு போன் வந்தது. பழைய நோட்டுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். அவளை வரச் சொன்ன மாதிரி இல்லை, நோட்டுகளை வரச் சொன்ன மாதிரி இருந்தது.

மொத்தம் நாற்பத்தொரு நோட்டு. சாப்பாட்டு மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு அந்தச் சிவப்பு மைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிழிச்சுப் போடு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

"பக்க நம்பர் அறுபத்து ரெண்டுக்கு அப்புறம் அறுபத்து அஞ்சு வரும்ங்க."

"வரட்டுமே!"

"இத்தன வருஷத்துல ஒரு தாள் கிழிச்சதில்ல. இப்பக் கிழிச்சா மத்த நோட்டையெல்லாம் எவன் நம்புவான்?"

அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. இந்தப் படம் போனால் வேறு படம் வராது. வீட்டிலிருந்தால் நாள் முழுக்க என் பட்டன்களைத்தான் குறித்துக்கொண்டிருப்பாள். இதைக் கிண்டலாகச் சொல்கிறேனே தவிர, அன்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. அந்த வேலை இல்லாத அவளை எனக்குத் தெரியாது.

மறுநாள் இரண்டு பைகளில் நோட்டுகளைச் சுமந்துகொண்டு நானும் போனேன். நான்காவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. என் தலையெழுத்து.

அறையில் பிரிக்காத அட்டைப்பெட்டிகள். புது டைரக்டர் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார், இருந்த இரண்டு நாற்காலிகளையும் எங்களுக்குக் கொடுத்தார். மரியாதையான பெண்தான்.

"நோட்டெல்லாம் வெச்சிட்டுப் போங்கக்கா. அசிஸ்டன்ட் கம்ப்யூட்டர்ல ஏத்திடுவார். இனிமே எல்லாம் அதுலயே பாத்துக்கலாம்னு இருக்கோம். தப்பா எடுத்துக்காதீங்க."

"சரிங்க மேடம்" என்றாள் என் மனைவி. குரல் இறங்கியிருந்தது.

எங்கள் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமலோ என்னவோ, அவர் புதுக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கடைசிக் காட்சியில் வில்லன், மாமாவைப் பாறை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போகிறான். மாமா தடியைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடுகிறார். நொண்டியது அத்தனையும் நடிப்பு!

"இத நானா யோசிக்கல" என்று ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே அந்தக் கம்பெனித் தாள். "பத்து வயசுல பழைய டைரக்டர் எனக்கு எழுதினது. யாருகிட்டயும் சொல்லாதேன்னு போட்டிருந்தார். அம்மாகிட்டகூடச் சொல்லல. தயாரிப்பாளர்கிட்ட கதை சொன்னப்பதான் முதல் தடவையா வாயத் திறந்தேன். இந்த லெட்டர் இல்லேன்னா நான் சினிமாவுக்கே வந்திருக்க மாட்டேன்."

நான் என் மனைவியின் காலை மிதித்தேன். வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்தால் போதும், படம் நல்லபடியாக நடக்கும், அசிஸ்டன்ட் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனாலும் போவார். அவள் காலை இழுத்துக்கொண்டாள். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள், பக்கத்தைப் பிரித்தாள், டைரக்டர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

அவர் படித்தார். மறுபடி படித்தார்.

"அப்ப, இந்த லெட்டர்?"

"நான் எழுதினது மேடம். கையெழுத்து மட்டும் அவரோடது. குழந்தைதானேன்னு அடிச்சு விட்டேன். மன்னிச்சிருங்க."

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று இறக்கை.

"இதப் படிச்சிட்டு நான் ஒரு வருஷம் நொண்டி நொண்டி நடந்தேன் தெரியுமா?" என்றார் டைரக்டர். "அம்மா பயந்துபோய் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனாங்க. எக்ஸ்ரேல்லாம் எடுத்தாங்க. அப்பவும் நான் சொல்லல."

என் மனைவியின் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் பிறவிக் குணம் போகுமா? தன்னை அறியாமலே பேனாவைத் திறந்தாள்.

"எந்தக் கால்?"

டைரக்டர் அந்தப் பேனாவைப் பார்த்தார். பிறகு யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"வீட்ல இடது. ஸ்கூல்ல வலதுன்னு நினைக்கிறேன்" என்றவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே அழுதார். பெட்டி ஆடியது. நான் எழுந்து பிடித்துக்கொண்டேன், விழுந்தால் பழி என்மேல் வந்துவிடும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நோட்டை மூடி, என் மனைவியின் பக்கம் தள்ளினார். "கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் கேக்கத் தெரியாதுக்கா. நோட்டு உங்ககிட்டயே இருக்கட்டும். பத்தாம் தேதி காலையில ஏழு மணிக்கு ஷூட்டிங், வந்துடுங்க."

"படம், மேடம்? கதை?"

"அது அப்படியேதான். என்னப் பொறுத்தவரைக்கும் மாமா நொண்டினது நடிப்புதான்." கடிதத்தை உறைக்குள் போட்டார். பிறகு அவள் எழுதிய வார்த்தையையே அவளிடம் திருப்பிக் கொடுத்தார்: "யாருகிட்டயும் சொல்லாதீங்க."

நாற்பத்தொரு நோட்டையும் நான்கு மாடி நான்தான் கீழே இறக்கினேன். முனகவில்லை. இரண்டாம் மாடியில் அவள் நின்று, "நீங்களும் சொல்லாதீங்க" என்றாள்.

படம் வெளியான அன்று ஜனங்களோடு வரிசையில் உட்கார்ந்து பார்த்தோம். மாமா தடியை எறிந்துவிட்டு ஓடியபோது கொட்டகையே எழுந்து நின்று கத்தியது. இருபத்தாறு வருடமாக நம்பாத நானும் எழுந்து நின்றேன். என் மனைவி எழவில்லை. முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"முதல்ல எடுத்து வெச்சது குண்டு பட்ட இடது கால்" என்றாள். "சரியா இருக்கு."