சேலைக் கடைக்கு மேலே ஒரு தூதரகம்

பாரிஸின் லா சப்பலில் குணரத்தினத்தின் சேலைக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், ஒரு நாட்டின் தூதரகம் இருந்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. வாசலில் பல் வைத்தியரின் பெயர்ப்பலகைக்குக் கீழே சின்னதாய் ஒரு பித்தளைத் தகடு. விசேஷ நாள்களில் மட்டும் ஜன்னலுக்கு வெளியே ஒரு கொடி. சமுத்திரத்தின் நடுவே கிடக்கும் சிறிய தீவு நாடு அது. பெயரை எழுதவேண்டாம் என்று அங்கே வேலை செய்த வசந்தரூபி கேட்டுக்கொண்டதால் தீவு என்றே எழுதுகிறேன். மற்றத் தூதரகங்கள் இருக்கும் தெருக்களில் வாடகை கட்டுப்படியாகாமல்தான் அவர்கள் மசாலா வாசனைக்கு நடுவே வந்து குடியேறினார்கள்.

வசந்தரூபி முல்லைத்தீவுக்காரர். போர் முற்றும்வரை ஒரு தொண்டு நிறுவன அலுவலகத்தில் தட்டச்சு வேலை. 2009இல் முகாம். இரண்டு வருடம் கழித்துப் பாரிஸ். வந்த புதிதில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகு, விடியற்காலையில் அலுவலகங்களைத் துடைக்கும் வேலை கிடைத்தது. தூதரகமும் அவற்றில் ஒன்று. ஒருநாள் அங்கே தொலைபேசி விடாமல் அடித்தது. பொறுக்கமாட்டாமல் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு எடுத்துப் பேசினார். மறுமுனையில் தீவின் அமைச்சர் ஒருவர், ஆங்கிலத்தில், நல்ல கோபத்தில். நேர வித்தியாசத்தை விளக்கி, சொன்ன செய்தியைக் குறித்துக்கொண்டு, அவரைச் சிரிக்கவும் வைத்துவிட்டு ரூபி தொலைபேசியை வைத்தார். சில வாரங்களில் வரவேற்பு மேசையில் அவரையே உட்காரவைத்தார்கள்.

தூதரகத்தில் மொத்தம் மூன்று பேர். தூதுவர் மர்கரீத், தீவில் பாடசாலை அதிபராக இருந்தவர். செயலாளர் அந்துவான், எதற்கும் பதறும் இளைஞன். மூன்றாவது ரூபி. குணரத்தினத்துக்கு இது பெரிய விநோதம்.

"பிள்ளை, ஒரு நாடு எண்டுறாய். மூண்டு பேர்தானே இருக்கிறியள்?"

"ஓம் அண்ணை. நாடும் சின்னன்தான்."

"அப்ப பெரிய நாடுகளோட என்னெண்டு கதைக்கிறது?"

"அதைத்தான் நானும் பாத்துக்கொண்டிருக்கிறன்."

உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை அரசாங்கம் என்றால் அவருக்கு ஒரு கண்ணாடித் தடுப்பு, அல்லது ஒரு சீருடை. இப்போது தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒரு அரசாங்கம் தயங்குவதையும் யோசிப்பதையும் பார்க்க அவருக்கு அலுக்கவே இல்லை.

பிறகு பிரான்சில் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. தீவு ஒரு தவறு செய்திருந்தது. முந்திய வருடம், வெல்லப்போகிறார் என்று எல்லோரும் சொன்ன வேட்பாளரைத் தங்கள் நாட்டுக்கு அழைத்திருந்தார்கள். மாலை, பதக்கம், பாடசாலைப் பிள்ளைகளின் நடனம். அந்தப் படம் பெரிதாகச் சட்டம் போட்டு வரவேற்பறையில் தொங்கியது. தேர்தலில் அவர் தோற்றார்.

திங்கட்கிழமை காலை ரூபி போனபோது அந்துவான் கதிரையில் ஏறிப் படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். பின்னாலேயே வந்த மர்கரீத் ஒரு கணம் பார்த்தார்.

"திரும்ப மாட்டுங்கள்."

"மாடம், யாராவது வந்து பார்த்தால்?"

"அது பத்திரிகையில் வந்த படம். பார்க்கவேண்டியவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். இப்போது கழற்றினால் பயந்துவிட்டோம் என்றும் தெரிந்துவிடும்."

ரூபிக்கு இது புதிது. அவர் வாழ்ந்த இடங்களில் ஆட்சி மாறினால் சுவரிலுள்ள படமும் அன்றே மாறும். மாற்றாமல் விட்டவர்களுக்கு என்ன நடந்தது என்றும் அவருக்குத் தெரியும். அந்துவான் படத்தை மாட்டும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் மர்கரீத்துக்கும் கவலை இருந்தது. தீவில் பெரிய ஆஸ்பத்திரி இல்லை. இருதயம், சிறுநீரகம் என்று கடுமையான நோயாளிகள் ஓர் உடன்படிக்கையின் கீழ் பாரிஸுக்கு வந்து சிகிச்சை பெற்றார்கள். ருவாஸி விமான நிலையத்துக்குப் போய் அவர்களை அழைத்து வருவதும் ரூபியின் வேலைதான். உடன்படிக்கை அந்த வருடத்தோடு முடிகிறது. புதிய அரசு புதுப்பிக்கவேண்டும்.

வாழ்த்துக் கடிதம் போனது. எல்லா நாட்டுக்கும் வரும் அதே நான்கு வரி நன்றி திரும்பி வந்தது. மர்கரீத் நேரில் சந்திக்க றொந்தேவு, அதாவது ஒரு நாளும் நேரமும், கேட்டார். "பார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள். தீவின் தலைநகரிலிருந்து நாள்தோறும் அழைப்பு. கடைசியில், எல்லாத் தூதுவர்களையும் புதிய ஜனாதிபதி ஒன்றாக வரவேற்கும் வைபவத்துக்கு அழைப்பிதழ் வந்தது.

"பெரிய நாடுகள்தானே முன்னுக்கு நிற்கும்?" என்று கேட்டார் ரூபி. "எங்கள் முறை வரும்போது அவருக்குக் களைத்துப்போயிருக்கும்."

மர்கரீத் சிரித்தார். "இல்லை. யார் பாரிஸில் அதிக காலம் தூதுவராக இருக்கிறார்களோ அவர்கள்தான் முன்னால். பெரிய நாடுகள் அடிக்கடி ஆளை மாற்றும். எங்கள் நாட்டில் மாற்றுவதற்கு ஆள் இல்லை. அதனால் நான் கிட்டத்தட்ட முன்வரிசையில் நிற்பேன்."

இதைக் கேட்டு ரூபிக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லமுடியாது. உடனே கீழே இறங்கிப்போய் குணரத்தினத்திடம் சொன்னார்.

மாலையில் ஒத்திகை நடந்தது. ரூபிதான் ஜனாதிபதி. பக்கத்தில் குடையை ஊன்றிக்கொண்டு, அடுத்த தூதுவராக அந்துவான். ரூபி கையை நீட்டினார். மர்கரீத் அதைப் பிடித்துக்கொண்டு தொடங்கினார்.

"மேதகு ஜனாதிபதி அவர்களே, எமது இரு நாடுகளுக்குமிடையே நெடுங்காலமாக நிலவிவரும்..."

ரூபியின் முகம் அந்துவானின் பக்கம் திரும்பிவிட்டது.

"ஏன் திரும்பினீர்கள்?"

"உங்களுக்கு முன்னால் நின்றவரும் இதையேதான் சொன்னார், மாடம்."

இரண்டாம் முறை மர்கரீத் நேரே உடன்படிக்கையைப் பற்றிப் பேசினார். "என்னுடைய ஆட்களிடம் கொடுங்கள்" என்றார் ரூபி, குரலைக் கனமாக்கி. அந்துவான் குடையைப் போட்டுவிட்டுச் சிரித்தான். மூன்றாம் முறை, மர்கரீத் வாய் திறக்கும் முன்பே ரூபி கேட்டார்:

"போன வருடம் அவருக்கு மாலை போட்டது நீங்கள்தானே?"

சிரிப்பு நின்றது. ரூபி வேண்டுமென்று மடக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குள் கிடந்த கேள்வி அது. மர்கரீத் கீழே கிடந்த குடையை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு, "இதற்குத்தான் ஒரு பதில் வேண்டும்" என்று சொல்லிவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வைபவம் முடிந்த மறுநாள் காலை மர்கரீத் வந்ததும், ரூபியும் அந்துவானும் அவரைக் கதவடியிலேயே மறித்துக்கொண்டார்கள்.

"அவர் கேட்கவில்லை, நானே சொல்லிவிட்டேன்" என்றார் மர்கரீத். "'உங்களை எதிர்த்து நின்றவருக்கு மாலை போட்ட நாடு நாங்கள்தான். நீங்கள் வந்தாலும் அதே பிள்ளைகள் ஆடுவார்கள். அவர்களுக்கு அந்த ஒரு நடனம்தான் தெரியும்' என்றேன். சத்தமாகச் சிரித்தார். எந்த நாடு என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். அந்த இடைவெளியில் நோயாளிகளைப் பற்றி ஒரு வசனம் சொன்னேன். அவ்வளவுதான்."

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. கோடை வந்து பாரிஸ் காலியானது. விடுமுறை முடிந்து ஒருநாள் பிரெஞ்சு அமைச்சகத்திலிருந்து வந்த அழைப்பை ரூபிதான் எடுத்தார். உடன்படிக்கை புதுப்பிக்கப்படும். வழக்கம்போல் மூன்று வருடத்துக்கல்ல, ஒரு வருடத்துக்கு.

"நீங்கள் சொன்ன பகிடியாலா, மாடம்?"

"தெரியாது, ரூபி. சும்மா இருந்திருந்தாலும் கிடைத்திருக்கலாம். சிரித்ததால்தான் மூன்று ஒன்றானதோ என்னவோ. இந்த வேலையில் அது கடைசிவரை தெரியாது."

தெரியாது என்பதை ஒரு தூதுவர் இவ்வளவு இலகுவாகச் சொன்னது ரூபிக்குப் பிடித்துப்போனது.

இலைகள் உதிரும் காலத்தில் தோற்ற வேட்பாளர் மாடியேறி வந்தார். தேர்தலுக்குப் பிறகு அவரை யாரும் அழைப்பதில்லை என்று கேள்விப்பட்டு மர்கரீத்தான் அழைத்திருந்தார். அந்துவான் பதறினான். ரூபி கீழே போய்ச் சூடாக வடை வாங்கி வந்தார். மனிதர் தன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தீவைப் பற்றியே பேசினார். அவர் இறங்கிப் போவதைக் குணரத்தினம் கடை வாசலில் நின்று பார்த்தார்.

"உவரை எங்கையோ கண்டிருக்கிறன் பிள்ளை."

"டிவியில அண்ணை. தோத்தவர்."

"தோத்தவரை ஏன் கூப்பிட்டவை?"

"நானும் கேட்டனான். வெண்டவரைப் பாக்க வரிசையில நிக்கவேணுமாம். இவர் எண்டால் ஆறுதலா இருந்து கதைப்பாராம்."

பிறகு தூதரகம் வேறிடத்துக்கு மாறியது. ரூபி இப்போது பாரிஸை அடுத்த திரான்சியில் குடியிருக்கிறார். நோயாளிகளின் அலுவல்கள் முழுவதும் அவர் பொறுப்பு. உடன்படிக்கையை இன்னும் வருடத்துக்கு வருடம்தான் புதுப்பிக்கிறார்கள். இதற்கிடையில் அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்து, அடுத்த ஜனாதிபதித் தேர்தலில் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயமில்லாமல் வாக்களித்தார். யாருக்குப் போட்டீர்கள் என்று அந்துவான் விடாமல் கேட்டானாம்.

"சொல்லமாட்டேன் என்றேன்" என்று சொல்லிச் சிரித்தார் ரூபி. "யார் வந்தாலும் திங்கட்கிழமை நாங்கள்தானே வாழ்த்துக் கடிதம் எழுதவேண்டும்?"