வெள்ளிக்கிழமை மட்டும் சிக்கும் துவக்கு

டென்மார்க்கின் வைலே நகரத்தில், துறைமுகத்துக்குப் போகும் வழியில், ஏழு பேர் வேலை செய்யும் ஒரு சின்ன இரும்புப் பட்டறை இருந்தது. 1988ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அங்கே புதிதாக ஒரு வேட்டைத் துவக்கு, அதாவது துப்பாக்கி, உருவாகிக்கொண்டிருந்தது. திங்கள் முதல் வியாழன் வரை அந்தத் துவக்கு சொன்ன சொல் கேட்கும். வெள்ளிக்கிழமை வந்ததோ இல்லையோ, முரண்டு பிடிக்கும். தொடர்ந்து நாலு வெள்ளி இதே கூத்து. முதலாளி கெல் தலையைப் பிய்த்துக்கொண்டார். அவரைவிட அதிகமாக வெலவெலத்துப் போயிருந்தவர் யேசுரட்ணம்.

யேசுரட்ணம் மன்னார் பேசாலைக்காரர். கடற்கரையில் படகு எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டியே வளர்ந்த கை. வயது முப்பத்துநாலு. இரண்டு வருடத்துக்கு முன் அகதியாக வந்து, டெனிஷ் படித்து, இந்தப் பட்டறையில் மூன்று மாதப் பரீட்சார்த்த வேலைக்குச் சேர்ந்திருந்தார். துவக்கின் மேற்கூட்டுக்குள் இருக்கும் இரண்டு தண்டவாளங்களைக் கையால் தீட்டி மினுக்குவது அவர் பொறுப்பு.

மேற்கூடு என்பது துவக்கின் குழலைப் பிடித்திருக்கும் பெட்டி. அதற்குள் ஓர் இரும்புக் கட்டை தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும். வெடித்ததும் பின்னால் போய் வெற்றுத் தோட்டாக் கோதைத் துப்பும். முன்னால் வந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிப் பூட்டும். பழைய மேற்கூடு உருக்கு, தூக்கினால் தோள் வலிக்கும். கெல் அலுமினியத்தில் புதிதாக வரைந்தார். போதாதென்று மேற்பக்கத்தில் நாலு ஜன்னல் வெட்டி இன்னும் எடையைக் குறைத்தார். கையில் எடுத்தால் குடை மாதிரி இருந்தது. பட்டறை முழுக்க அதைக் கண்டு சொக்கிப் போயிருந்தது.

ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் ஊருக்கு வெளியே பீச் மரக்காட்டுக்குள் இருக்கும் சுடுகளத்துக்குக் கொண்டுபோனால், சுட்டுக்கொண்டிருக்கும்போதே கட்டை முழுதாக முன்னால் வராமல் ஒரு நெல்மணி தூரத்தில் நின்றுவிடும். தோட்டா பூட்டாது. அவ்வளவுதான், துவக்கு வெறும் தடி.

காரணம் தேடினார்கள். தோட்டாப் பெட்டியின் சுருளை மாற்றினார்கள், எண்ணெயை மாற்றினார்கள், தோட்டாவையே மாற்றினார்கள். வெளியில் குளிர், அதனால் இறுகுகிறதோ என்று ஒரு புதன்கிழமை முழுத் துவக்கையும் சாப்பாட்டு அறைக் குளிர்ப்பெட்டிக்குள், எல்லாரின் மதியச் சாப்பாட்டுக்கும் பக்கத்தில், படுக்க வைத்தார்கள். வியாழன் எடுத்துப் பட்டறை நிலவறையில் மண்பெட்டிக்குள் நாற்பது வெடி. ஒன்றும் சிக்கவில்லை. மறுநாள் சுடுகளத்தில் வழமை போலச் சிக்கியது.

டெனிஷில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒரே 'நீ' தான். கெல் சொன்னது யேசுரட்ணத்தின் காதில் ஊர்த் தமிழாகவே விழுந்தது.

"ரட்ணம், மற்ற எல்லாத்தையும் மாத்திப் பாத்திட்டம். தண்டவாளம் மட்டும்தான் மிச்சம். மெசின் வெட்டினது பிழைக்காது. கை தீட்டினது பிழைக்கும்."

"நான் அளந்து பாத்தனான், கெல். ரெண்டும் ஒரே அளவு."

"அளவு கருவி சொல்லும். துவக்கு வேற சொல்லுது. வாற வெள்ளி ஓகூஸ் பட்டினத்திலயிருந்து துவக்குக் கடைக்காரர் பாக்க வாறார். நூறு வெடி நிக்காமல் போகவேணும். அண்டைக்கும் சிக்கினால் இந்த மேற்கூட்டை விட்டிடுவம். விட்டால் உனக்குத் தர என்னட்டை வேலை இல்லை."

யேசுரட்ணத்துக்கு வேலை போவது மட்டும் பயமல்ல. மனைவி யசிந்தாவும் நாலு வயது மகளும் பேசாலையில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுப் பதினாறு மாதம். 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே வரியைத் தவிர ஒரு பதிலும் இல்லை. தான் நிரந்தர வேலையில்லாதவன் என்பதால்தான் தாமதம் என்று மனிதர் தானாகவே முடிவு கட்டிவிட்டார். நிரந்தர வேலைக் கடிதம் ஒன்றை இணைத்துவிட்டால் கோப்பு நகரும் என்று நம்பினார். சட்டத்தில் அப்படியொன்றும் இல்லை என்று விபரம் தெரிந்தவர்கள் சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்னொரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தார். யசிந்தா அனுப்பிய கலியாணப் பதிவில் முத்திரை மங்கல். திரும்ப எடுக்கச் சொல்லி எழுதினார். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இராணுவச் சென்றிகளைத் தாண்டி மன்னார் போய் எடுத்து அனுப்பினாள். அதுவும் திருப்தியில்லை, இன்னொன்று. மூன்று தரம். 'உமக்கு ஒரு பேப்பர் ஒழுங்கா எடுக்கத் தெரியாது' என்று தொடங்கிய நாலாவது கடிதம் பாதி எழுதியபடி மேசையில் கிடந்தது.

"என்ர பேப்பரெல்லாம் பளிச்செண்டு கிடக்கு. எனக்கும்தான் பதில் வரேல்லை," என்பார் வீட்டில் கூட இருக்கும் குலேந்திரன். அவர் யாழ்ப்பாணத்தவர், மீன் ஆலையில் வேலை, அவரும் குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பவர். யேசுரட்ணம் 'ம்' கொட்டிவிட்டுக் கடிதத்தைத் தொடர்வார்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. காலை எட்டு மணி, நல்ல பனி. துவக்குச் சுடுகிறவர் பிரெபன், கடைசல் இயந்திரக்காரர், சுடும் சங்கத்தில் பழைய அங்கத்தவர். கம்பளிச் சட்டையும் நெஞ்சுவரை தாடியுமாகப் பாயில் குப்புறப் படுத்தார். யேசுரட்ணத்தின் வேலை பக்கத்து மேசையில் இருந்து ஒவ்வொரு வெடிக்கும் நேரமும் எண்ணும் எழுதுவது.

பத்து. இருபது. முப்பது. ஒன்றும் சிக்கவில்லை. ஒன்பது மணிக்குக் கெல் காரிலிருந்து பேக்கரிப் பையை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை என்றால் பணிஸ், அதாவது பன் ரொட்டி. டென்மார்க்கில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் இது வேதவாக்கு. வெண்ணெய் பூசி, கோப்பியோடு, காலை ஒன்பது தவறாமல் சாப்பிடுவார்கள். இந்தப் பணிஸ் தலையில் கறுத்த விதை அப்பியிருக்கும். யேசுரட்ணமும் ஒன்று தின்றார். தின்று முடித்ததும் எழும்பிக் குழாயடிக்குப் போனார். அவர் கை கழுவப் போவது பட்டறையில் பெரிய பகிடி.

"சாப்பிட முந்திக் கழுவுறாய் சரி. சாப்பிட்டாப் பிறகும் என்ன ஊத்தை?" என்றார் பிரெபன், விரலைக் கடதாசியில் துடைத்துக்கொண்டு.

பிறந்ததிலிருந்து கையால் தின்று, கை கழுவாமல் எழும்பினால் அம்மாவிடம் அடி வாங்கி வளர்ந்தவர் அவர். சிரித்துவிட்டுப் போய் எழுத்து மேசையில் இருந்தார்.

ஒன்பது இருபதுக்குத் திரும்பச் சுடத் தொடங்கினார்கள். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. முப்பத்தேழாவது வெடியோடு கட்டை நின்றது. அதே நெல்மணி தூரம்.

கெல் தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டார். யேசுரட்ணம் பார்க்க வேறொன்றும் இல்லாமல் தன் கொப்பியைப் பார்த்தார். நேரத்தைப் பார்த்தார். பக்கத்தைப் பின்னால் திருப்பினார். போன வெள்ளி: ஒன்பது இருபத்தைந்து. அதற்கு முதல் வெள்ளி: ஒன்பது பதினெட்டு. அதற்கும் முதல்: ஒன்பதரை. ஒன்பதுக்கு முன்னால் ஒரு தரம்கூட நிற்கவில்லை.

எஞ்சின் நின்றால் எங்கே நிற்கிறது என்று பார்க்கிற ஆள், எப்போது நிற்கிறது என்று இத்தனை நாளும் பார்க்கவில்லை. ஒன்பது மணிக்கு என்ன நடக்கிறது? பணிஸ் நடக்கிறது.

"கழட்டு," என்றார். தன் குரல் இவ்வளவு சத்தமாக வந்ததை அவரே எதிர்பார்க்கவில்லை.

உள்ளே தோட்டா இல்லையென்று பார்த்துவிட்டுப் பிரெபன் மேற்கூட்டைப் பிரித்துக் கொடுத்தார். தண்டவாளத்தின் அடியில் வழமைபோலக் கறுப்புக் குறுணி. நாலு வெள்ளியும் அதைக் கண்டவர்கள்தான் எல்லாரும். கருகின வெடிமருந்து என்று துடைத்து எறிந்தார்கள். யேசுரட்ணம் ஒன்றை ஊசியால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். மருந்துக்கரி நசுங்கும். இது உருண்டது. பிரெபன் தடுக்கமுன் வாயில் போட்டு முன்பல்லால் கடித்தார். நறுக்கென்று உடைந்தது.

"கசகசா," என்றார் தமிழில்.

சர்பத்தில் மிதக்கிற கறுத்தக் கசகசா மாதிரியே இருந்ததால் வாயில் வந்த சொல் அது. கெல் விழித்தார். யேசுரட்ணம் பேக்கரிப் பையைத் தூக்கி மேசையில் கவிழ்த்தார். பணிஸ் தலையிலிருந்து கொட்டிய விதைகள் மேசையெல்லாம் உருண்டன. பிறகு பிரெபனின் தாடியைக் காட்டினார். அதற்குள் ஒரு போத்தல் விதை இருக்கும். வெண்ணெய் விரலால் தோட்டா போடும்போது ஒட்டுகிறது. தாடியை வைத்துச் சாய்ந்தால் ஜன்னலுக்குள் கொட்டுகிறது. தண்டவாளம் இறுக்கமானது, ஒரு விதையே போதும்.

மூவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி ஓடித் திரிந்தார்கள். பிரெபன் குழாயடியில் கையோடு தாடியையும் பனித் தண்ணீரில் கழுவினார், சட்டையைக் கழற்றி மரத்தில் அடித்தார். மேற்கூட்டைத் துடைத்துப் பூட்டி, ஒன்றிலிருந்து திரும்ப எண்ணத் தொடங்கினார்கள். நாற்பது, ஐம்பது, அறுபது. யேசுரட்ணம் இருக்க முடியாமல் நின்றுகொண்டு எழுதினார். எண்பதில் எழுத்து கோணியது. நூறாவது வெடி காட்டுக்குள் எதிரொலித்து அடங்கியபோது பிரெபன் பாயிலேயே மல்லாந்து படுத்துச் சிரித்தார்.

"போதாது," என்றார் யேசுரட்ணம். "திரும்பச் சிக்கப் பண்ணிக் காட்டவேணும். அப்பதான் அதுதான் காரணமெண்டு சொல்லலாம்."

துவக்கை வெறுமையாக்கி ஜன்னலுக்குள் ஒரு சிட்டிகை விதை போட்டார். பூட்டிச் சுட்டார்கள். மூன்றாவது வெடியில் நின்றது. ஒரு துவக்குச் சிக்கியதற்காக மூன்று பேர் கட்டிப்பிடித்துக் குதித்ததை அந்தக் காடு அதற்கு முன் கண்டிராது. அந்த நேரம் பார்த்துத்தான் ஓகூஸ் கடைக்காரர் காரை விட்டு இறங்கினார்.

கெல் அவருக்கு நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பணிஸைத் தடை செய்தால் சரிதானே என்று கடைக்காரர் பகிடி விட்டார்.

"இல்லை," என்றார் யேசுரட்ணம். "வேட்டைக்காரரும் காட்டில இருந்து பாண் சாப்பிடுவினம். பைன் ஊசி விழும், மண் விழும். ஜன்னல் மேல இருக்கக் கூடாது. கீழ்ப்பக்கம் திருப்பினால் எடையும் கூடாது, விழுறது தானா வெளியில போகும்."

கெல் சற்று நேரம் மேற்கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஜன்னல் வரைஞ்சது நான்," என்றார். பிறகு எல்லார் முன்னாலும் கையை நீட்டினார். "ரட்ணம், நாலு கிழமையா உன்ர கையைக் குறை சொன்னன். உன்ர தண்டவாளத்தில ஒரு பிழையும் இருக்கேல்லை. என்னை மன்னிச்சுக்கொள். திங்கள் நிரந்தரக் கடிதம் தாறன்."

அந்தக் கையைப் பிடித்தபோது யேசுரட்ணத்துக்குக் கண் கலங்கியது. வேலை கிடைத்ததைவிட அந்த 'பிழை இருக்கேல்லை' என்ற சொல்தான் இனித்தது. நாலு கிழமையாக மனிதர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

வெள்ளியில் பட்டறை மதியத்தோடு சரி. இரண்டு மணிக்கு வீடு வந்தார். குலேந்திரன் கோழி வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன, முகம் பூரிச்சுக் கிடக்கு?"

யேசுரட்ணம் கதை முழுக்கச் சொன்னார், கையால் காட்டி, தாடியையும் நடித்து. குலேந்திரன் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அப்ப கடிதம் கிடைச்ச உடனை இணைச்சு அனுப்பு."

"ஓம்," என்றவர் சட்டென்று நிறுத்தினார். "குலேந்திரன், உமக்கு நிரந்தர வேலைதானே?"

"ஒண்டரை வருசமா."

"பேப்பரிலயும் குறையில்லை."

"இல்லையெண்டு எத்தினை தரம் சொன்னன்? எனக்கு மட்டுமே? றண்டர்ஸில எங்கட ஆறு பேருக்கு, எஸ்பியர்க்கில நாலு பேருக்கு, எல்லாருக்கும் பேப்பர் சரி. ஒருதருக்கும் அசையேல்லை."

யேசுரட்ணம் மேசையில் இருந்தார். பாதிக் கடிதம் அங்கேயே கிடந்தது. 'உமக்கு ஒரு பேப்பர் ஒழுங்கா எடுக்கத் தெரியாது.' தன் எழுத்துத்தான். எல்லாருக்கும் கோப்பு ஒரே இடத்தில் நிற்கிறது. அவர் மட்டும் யசிந்தாவின் முத்திரையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னை ஒருவர் நாலு கிழமை குறை சொன்னதே பொறுக்கவில்லை. அவள் பதினாறு மாதம் பொறுத்திருந்தாள். வெட்கமும் துக்கமும் ஒன்றாக வந்தன.

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்.

'யசிந்தா, எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் இது. உம்முடைய பத்திரங்களில் ஒரு பிழையும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. கோப்பு இங்கே எங்கேயோ, வேறு யாருடைய கையிலோ சிக்கிக் கிடக்கிறது. யாரென்று தெரியவில்லை, ஆனால் நீர் இல்லை. இனிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மன்னாருக்கு அலைய வேண்டாம். நான் உம்மைக் குறை சொல்லி எழுதிய மூன்று கடிதங்களையும் அடுப்பில் போடும்.'