கனகம் கடைசியில் வர வேண்டும்

போன ஞாயிற்றுக்கிழமை கருவாடு வாங்கக் கருக்களாச்சேரிக்குப் போயிருந்தேன். மணலில் தார்ப்பாய் விரித்து நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு மூலையில் மட்டும் தார்ப்பாய்க்குப் பதில் ஒரு கறுப்பு இரும்புத் தகடு. உடம்பெல்லாம் சின்னச் சின்ன ஓட்டை. அதன் ஓரத்தில் பாதி உரிந்த ஸ்டிக்கர் ஒன்று, அதில் 'மறுதா' என்று எழுதியிருந்தது. துணைக்காலின் காலை அவ்வளவு தூரம் கீழே இழுத்து எழுதுகிறவள் இந்த வட்டாரத்தில் நான் ஒருத்திதான். அதற்காகவே பள்ளியில் பலமுறை அடி வாங்கியிருக்கிறேன்.

"என்ன பாப்பா, மீனப் பாக்காம தகட்டப் பாக்குற?" என்றார் கருவாட்டுக்கார அக்கா.

"இது எங்கக்கா கெடச்சுது?"

"பழைய இரும்புக் கடையில. ஓட்ட ஓட்டயா இருக்கா, தண்ணி நல்லா வடியுது. அத மட்டும் கேட்றாத, தர மாட்டேன்."

நான் கேட்கவில்லை. ஆனால் குனிந்து முகர்ந்து பார்த்தேன். அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நெத்திலி வாசம் மட்டும்தான் வந்தது. ஒரு காலத்தில் அந்தத் தகட்டில் சூடேறிய தூசி வாசம் வரும். அடுப்பில் காலி தோசைக்கல்லை மறந்துவிட்டால் வருமே, அதில் பாதி. காலையில் அலுவலகக் கதவைத் திறந்ததும் அந்த வாசம் வந்தால் சர்வர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். கல்யாணப் பத்திரிகை, சங்க உறுப்பினர் பட்டியல், கோயில் நன்கொடையாளர் பட்டியல் என்று தமிழில் எது அச்சடிக்க வேண்டுமானாலும் எங்களிடம் வருவார்கள். படித்து முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் பிள்ளையாக நுழைந்த முதல் ஆள் நான். அப்பா ஒரு முறை உள்ளே போயிருக்கிறார், கூரை மாற்ற.

எல்லாப் பட்டியலும் அந்தச் சர்வரில்தான் இருந்தது. முதலாளி எங்கோ ஏலத்தில் எடுத்த பழைய இயந்திரம். அதில் ஓடியது யூனிக்ஸ் வகை இயங்குதளம் ஒன்று. பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை, எனக்கும் அதுவரை தெரியாது. அதன் முன்னோரை உருவாக்கியது ஒரு பெரிய கம்பெனி. மூலநிரலை எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டிருந்தார்கள். பிறகு அந்தக் கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனி வாங்கியது. வாங்கியவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள், இனி அடுத்த பதிப்பு இல்லை என்று. ஆனால் ஏற்கனவே வெளியே வந்த நிரலைத் திரும்ப உள்ளே இழுக்க முடியவில்லை. உலகத்தின் மூலை முடுக்குகளில் இருந்த சில பேர் அதை எடுத்து, வேறு பெயர் வைத்துத் தாங்களே வளர்த்தார்கள். சம்பளம் இல்லை, முதலாளி இல்லை. ஒரு மின்னஞ்சல் குழு, அதில் தினமும் சண்டை, அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை, மறுதாம்புதான் தோன்றியது. சம்பா அறுத்த வயலில் ஈரம் மிச்சமிருந்தால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். அதை யாரும் விதைப்பதில்லை, நடுவதில்லை. மாட்டை அவிழ்த்துவிடுவார்கள். மாடு வாய் வைக்காத மூலையில் அது பாட்டுக்குக் கதிர் விடும். குட்டைக் கதிர்தான், ஆனாலும் நெல். ஒரு ஸ்டிக்கரில் 'மறுதாம்பு' என்று எழுதிச் சர்வரின் மூடியில் ஒட்டினேன்.

எனக்கு மேலே இருந்தவர் ராஜ்மோகன் சார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த வேலையையும் 'இது போதும்' என்ற இடத்தில் நிறுத்திவிடுகிறவர்.

"ஏம்மா, மாடு திங்கிற பயிரு பேரையா வைக்கிற?"

"மாடு தின்னது போக மிச்சத்த நாங்க தின்னுருக்கோம் சார்."

அவர் சிரித்தார். எனக்கும் அவருக்கும் அதுதான் கடைசிச் சிரிப்பு என்று அப்போது தெரியாது.

அடுத்த வாரம் படகுக்காரர் சங்கம் ஒன்றின் செயலாளர், நாங்கள் அச்சடித்துக் கொடுத்த பட்டியலோடு படியேறி வந்தார். மேலே வரும்போதே சத்தம்.

"கனகராசு எங்க போனான்? கற்பகராசுக்குக் கீழ தேடுறேன், ஆளக் காணும்! பேர விட்டுட்டீங்கன்னு அவன் என் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறான். கடைசில பாத்தா, கமலக்கண்ணனுக்கு மேல ஏறி உக்காந்துருக்கான். ஒண்ணாங் கிளாஸ்கூடப் படிக்காத ஆளா இதப் போட்டது?"

போட்டது நான்தான். இல்லை, நான் கட்டளை கொடுத்தேன், வரிசைப்படுத்தியது இயந்திரம். நண்பரே, திருட்டுப்பட்டம் கட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது. ஒன்றாம் வகுப்பு படித்ததுதான் எங்கள் வீட்டின் மொத்தப் பெருமை. அதில் போய்க் கை வைத்துவிட்டார்.

விஷயம் எளிது. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. 'ந'வுக்கு அடுத்த எண்ணை 'ன'வுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நமக்கு 'ன' மெய்யெழுத்தில் கடைசி, பதினெட்டாவது. நம் வரிசை என்ன என்று இயங்குதளத்துக்குச் சொல்ல வேண்டிய அட்டவணை சரியாக இல்லை. அதனால் அது எண்ணைப் பார்த்து அடுக்கிவிட்டது.

"சாஃப்ட்வேர்னா அப்படித்தாம்மா வரும். கையால வெட்டி ஒட்டிக் குடுத்துடு" என்றார் சார்.

வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். ஆனால் விடவில்லை. மூலநிரல் திறந்துதானே கிடக்கிறது. அட்டவணையைத் தேடிப் பிடிக்க மூன்று வாரம், திருத்த ஒரு மதியம். முடித்ததும், அந்த மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினால் எல்லோருக்கும் போய்ச் சேருமே என்று பெருமையாகச் சாரிடம் காட்டினேன். அங்கேதான் வினை.

"பரவால்லயே. ஆபீஸ் மெயில்ல என் பேர்ல அனுப்பிடு."

"செஞ்சது நான் சார்."

"அது சரிம்மா. உன் பேரு யாருக்குத் தெரியும்?"

"உங்க பேரு மட்டும் அங்க யாருக்கு சார் தெரியும்?"

அவர் முகம் சுண்டிப்போனது. "அப்ப ஆபீஸ் மிஷின்ல கை வைக்காத. உன் வீட்டுல வச்சு என்ன வேணா பண்ணிக்க" என்றார். மறுநாள் முதல் எனக்குப் பத்திரிகைப் பிழைதிருத்தம் மட்டும்தான். அந்த மாதம் வரிச்சிக்குடியிலிருந்து திருநள்ளாறு வரை யாருக்கு யாரோடு கல்யாணம் என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. அதில் மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து, என் பெயரிலேயே குழுவுக்கு அனுப்பினேன். ஆங்கிலத்தில் எனக்குப் பள்ளியில் சொல்லித்தந்த கடிதம் ஒன்றே ஒன்று, விடுப்பு விண்ணப்பம். அதனால் என் திருத்தமும் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, 'தயவுகூர்ந்து அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முடிந்தது. காய்ச்சல் ஒன்றுதான் பாக்கி. பெயரில் இரண்டாவது பாகம் வேண்டும் என்றார்கள். என் பெயருக்கு முன்னால் இருப்பது ஊருக்கான 'வ' ஒன்றுதான். அதையே விரித்து எழுதினேன். அன்றிலிருந்து அந்தக் குழுவுக்கு நான் மிஸ் வரிச்சிக்குடி.

எங்கோ பனி பெய்யும் ஊரிலிருந்து ஒருவர் பதில் போட்டார். இதுதான் சரியான வரிசை என்பதற்கு என்ன சான்று?

"நான் தமிழச்சி" என்று எழுதினேன். அது சான்று ஆகாது, இயந்திரம் தானே சரிபார்க்கும்படி ஒரு சோதனை எழுதிக் கொடுங்கள் என்று பதில் வந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னது நியாயம் என்று புரிய ஒரு பொழுது ஆனது.

சோதனைக்குப் பெயர்கள் வேண்டும். ஒரே எழுத்தில் தொடங்கி இரண்டாவது எழுத்தில் பிரிய வேண்டும். பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம், "ஒங்க நடவு செட்டுல 'க'வுல ஆரம்பிக்கிற பேரெல்லாம் சொல்லும்மா" என்றேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காதுக்கு எந்த எழுத்தும் தப்பாது. கீரையை விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார். அதை அடுக்கினேன். கண்ணம்மா, கமலா, கருப்பாயி, கலா, கவிதா, கற்பகம். ஏழாவதாக, கடைசியில், கனகம். கனகம் என் அம்மா.

ஒரு வாரம் கழித்துத் திருத்தம் இயங்குதளத்தில் சேர்ந்தது. என் பெயரில், என் ஊர்ப் பெயரோடு. அன்றும் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் திரையைக் காட்டினேன்.

"இதுல நான் எங்கடி?"

"கடைசில இருக்கம்மா."

"இங்கயும் கடைசிதானா? சோறு திங்கறதுலதான் கடைசின்னு பாத்தேன்."

"கேளும்மா. இந்த சிஸ்டத்த ஒவ்வொரு தடவ புதுசாக் கட்டறப்பவும் இந்த ஏழு பேரயும் கலச்சு வுட்டு, திரும்ப அடுக்கச் சொல்லும். நீ கடைசில வந்து நிக்கலன்னு வச்சுக்க, சோதனை தோத்துடும். எந்த ஊர்க்காரனா இருந்தாலும் சரி, எவ்வளவு படிச்சவனா இருந்தாலும் சரி, அதச் சரி பண்ணாம மேல போக முடியாது."

அம்மா திரையை உற்றுப் பார்த்தார். "நம்ம கண்ணம்மாவுக்கு எதுவும் ஆவாதே?"

"அவங்க மொதல்ல நிக்கிறாங்க."

"அவ எப்பவும் அப்படித்தான்" என்று கீரைக்குத் திரும்பினார்.

ராஜ்மோகன் சாரிடம் நானாகச் சொல்லவில்லை. அவரே தேடிப் பார்த்திருக்கிறார். ஒருநாள், "ஊர் பேரையுமா போட்ட?" என்று மட்டும் கேட்டார். "ஆமா சார்" என்றேன். அதற்கு மேல் அவருக்கு நான் கொடுக்க வேண்டிய விளக்கம் எதுவும் இருப்பதாக அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

இப்போது அந்த மாடியில் செல்போன் பழுதுபார்க்கும் கடை இருக்கிறது. முதலாளி தொழிலை மூடிவிட்டார். சார் ஓமானில். சர்வரைக் கழற்றி எடைக்குப் போட்டது எனக்குத் தெரியாது, அதன் மூடி நெத்திலி காயவைக்கப் போகும் என்றும் தெரியாது. நடவுக்கு இயந்திரம் வந்ததும் அம்மாவின் செட்டும் கலைந்துவிட்டது. கருப்பாயி அத்தை முன்பே போய்விட்டார். கண்ணம்மா பெரியம்மா போன தையில் போனார். முதலில் நிற்கிறவர் அதிலும் முதலில் போயிருக்க வேண்டும், கருப்பாயி அத்தைக்கு வழிவிட்டுக் கொஞ்சம் பொறுத்தார் போலிருக்கிறது.

கருவாட்டைக் கட்டிக் கொடுத்த அக்கா, ஸ்டிக்கரைக் காட்டி, "இது என்ன எழுத்து பாப்பா? சொரண்டிப் பாத்தேன், போவ மாட்டேங்குது" என்றார்.

"போவாதுக்கா" என்றேன்.