ரோஜேயின் வெள்ளை ரொட்டி

என் கணவர் ரோஜே பிரெஞ்சு ராணுவத்தின் சமையற்கூடத்தில் வேலை பார்த்து, பென்ஷனோடு சொந்த ஊரான உப்பளத்துக்குத் திரும்பியவர். எதற்கும் குறை சொல்ல மாட்டார். மகள் ஏலோதி பிரெஞ்சு நாட்டு லியோனிலிருந்து வருவதே இல்லை என்பது ஒன்றுதான் மனக்குறை. அதையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் போன் வந்தால் மட்டும் எழுந்து நின்று பேசுவார்.

போன வருடம் அவருக்குப் பெருங்குடலில் கட்டி வந்து வழி சுருங்கிவிட்டது. அறுவைக்கு நாள் குறித்த டாக்டர் என்னிடம் பொறுமையாக விளக்கினார்.

"சாப்பாட்டுல இருக்கிற நார்ச்சத்த நம்ம உடம்பு செரிக்காதும்மா. பெருங்குடல்ல இருக்கிற கிருமிங்கதான் அதப் புளிக்க வச்சுத் தின்னுது. அதுல வர்ற அமிலம் குடலுக்கே சாப்பாடு, நல்லதுதான். ஆனா வாயுவும் வரும், கிருமி தின்னாத சக்கையும் மிஞ்சும். இவருக்கு அது போக வழி இல்ல, அடைச்சுக்கும். ஆபரேஷன் வரைக்கும் கஞ்சியும் வெள்ளை ரொட்டியும்தான். கீரை, கடலை எல்லாம் கூடாது."

செய்தி கேட்டு ஏலோதி வந்து இறங்கினாள். தட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

"என்னா மமா, சீக்காளிக்கு வெறும் மைதா ரொட்டியா?"

"டாக்டர்தான்டி சொன்னாரு. நார் ஆகாதாம்."

"இங்க இருக்கிற டாக்டருக்கு என்னா தெரியும்? அங்க எல்லாரும் ஃபைபரத்தான் தேடித் தேடிச் சாப்பிடறாங்க."

கணவராவது மறுப்பார் என்று பார்த்தேன். சிரித்தார்.

"வையி ஏலோதி. கேம்புல நான் சமைச்சதத் தின்னவன்லாம் உசுரோடதான் இருக்கான். நீ செஞ்சதா என்னை சாச்சிடப் போவுது?"

கொண்டைக்கடலை சாலட், தவிட்டு ரொட்டி, தோலோடு கொய்யா. மகள் பரிமாறப் பரிமாறச் சாப்பிட்டார். தட்டை எடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

இரண்டொரு நாளில் வயிறு கல்லாக உப்பியது. வாந்தி நிற்கவில்லை. அடைப்புக்குப் பின்னால் ஊதி ஊதிக் குடல் கிழிந்துவிட்டது என்றார் டாக்டர், என்னிடம் மட்டும். அப்போது ஏலோதி ஆஸ்பத்திரி வராந்தாவில் யாருடனோ பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தாள். அறுவைக்குக் குறித்த தேதிக்கு முன்பே அவரைக் கல்லறைக்குக் கொண்டுபோனோம். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், ஆஸ்பத்திரி நாள் கடத்தியதுதான் காரணம் என்றாள் மகள்.

விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது என் தோளில் சாய்ந்தாள்.

"கடைசியில நான் செஞ்சதத்தான் பப்பா ஆசையா சாப்பிட்டாரு, இல்ல மமா?"

"ஆமா" என்றேன்.

குடல் கிழிந்தது பற்றி டாக்டர் சொன்னதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. பாசத்தினால் என்று யாரும் எண்ண வேண்டாம். சொன்னால் அழுவாள். நான்தான் தேற்ற வேண்டியிருக்கும். அவளைத் தேற்ற என்னிடம் ஒன்றும் இல்லை.