கரிக்குழாய்களும் இரண்டு பொய் எண்களும்

எண்பதுகளின் பிற்பாதியில் புக்கிட் ரோத்தானுக்கு அப்பால் இருந்த ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. ஆலைக் கழிவுநீரை மூடிய தொட்டியில் விட்டால் அதிலிருந்து எரிவாயு எழும். ஆனால் கரியமில வாயு நிறையக் கலந்திருப்பதால் சரியாக எரியாது. அதைப் பிரித்துப் பார்க்கக் கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவராம். நாங்கள் அவரை மிஸ் என்போம்.

அவர் கொண்டுவந்தது ஓர் இரும்புக் குழல். உள்ளே ஈர்க்கைவிட மெல்லிய கரிக்குழாய்கள் கட்டாக இருந்தன. கரியமில வாயு அவற்றின் சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே வெளியேறிவிடும். எரிவாயு மட்டும் மறுமுனைக்கு வரும்.

"இறுக்கிப் பிடிச்சாலே உடைஞ்சிரும், பார்த்துக்குங்க," என்றார்.

மறுமுனை வாயுவில் மிஞ்சியிருக்கும் கரியமில வாயுவை அளந்து நோட்டில் எழுதுவது என் பொறுப்பு. நூற்றுக்குப் பத்து என்று நிலையாக நின்றது.

மிஸ் இரண்டு நாள் ஊருக்குப் போயிருந்தார். முதல் நாள் காலை, குழலின் ஒரு முனையில் வாயுவின் அழுகிய முட்டை நாற்றம் கசிந்தது. யாரையும் கேட்காமல் ஸ்பேனரை எடுத்து நட்டை இறுக்கினேன். பிற்பகலில் அளந்தால் பதினெட்டு! உடைத்துவிட்டேன் என்றே முடிவு செய்தேன். நோட்டில் பத்து என்று எழுதினேன். மறுநாள் இருபத்தைந்து. அன்றும் பத்து என்றுதான் எழுதினேன்.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். "வேலையில ஏதும் பிரச்சனையா?" என்றார் கணவர்.

"ஒண்ணும் இல்லலா," என்றேன்.

மூன்றாம் நாள் மிஸ் வந்து நோட்டைப் புரட்டினார். அடுத்த வாரம் மேலிடத்து ஆட்கள் பார்வையிட வரவிருந்தார்கள். "நல்லா நிக்குதே!" என்று அவர் சிரித்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"மிஸ், அது பொய். நட்டை இறுக்கி நான்தான் உடைச்சிட்டேன்."

அவர் முகம் மாறியது. ஆனாலும் கேள்விதான் கேட்டார். "சுவர் வழியா வெளியேறுற வாயு கூடுச்சா, குறைஞ்சிச்சா?"

"மானியில குறைஞ்சிச்சு மிஸ்."

"அப்போ உடையல. உடைஞ்சிருந்தா ஓட்டை வழியா எல்லா வாயுவும் போயி கூடியிருக்கும். துளையில ஈரம் ஏறி அடைச்சிருக்கு."

வாயுவின் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருந்த குப்பியைத் திறந்தார். மணிகள் ஊறிக் கிடந்தன. "மொத நாளே சொல்லியிருந்தா இதை மாத்தியிருந்தாலே சரியாயிருக்கும்," என்றார். திட்டவில்லை. என் இரண்டு எண்களையும் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் உண்மையானதை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

சூடான நைட்ரஜனை விட்டு மூன்று நாள் உலர்த்தினோம். பதினைந்துக்குக் கீழே இறங்கவேயில்லை. வந்தவர்கள் அதைத்தான் பார்த்துவிட்டுப் போனார்கள். சில மாதங்களில் சோதனையை நிறுத்தினார்கள். என்னால்தானா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கடைசி நாள் வரை நோட்டு என்னிடமே இருந்தது. ஆனால் நான் எழுதி முடித்த பிறகு, மிஸ் தாமே ஒருமுறை அளந்து பார்ப்பார்.