மாப்பிள்ளையின் முப்பாட்டனைத் தேடிய சனிக்கிழமைகள்

பகலில் தொலைபேசி அடித்தால் இன்றைக்கும் நான் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எடுக்கிறேன். மகள் தன் கலியாணத்தை எங்களுக்கு அறிவித்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தொலைபேசியில்தான். சிற்றி ஹோலில், நகரசபைக் கட்டடத்தில், கலியாணப் பதிவு முடிந்துவிட்டது, சாட்சிக்குச் சிநேகிதர் இரண்டு பேர் வந்தார்கள், நல்லவேளை மழை பெய்யவில்லை என்றாள். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். என்ன சேலை கட்டினாய் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

நாங்கள் அந்தப் பொடியனை வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லவில்லை. என் கணவர் விசாரித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அவன் மகளோடு பல்கலைக்கழகத்தில் படித்தவன். வெள்ளைக்காரன். போன இலையுதிர்காலத்தில் மகள் அவனைப் பற்றிச் சொன்னபோது என் கணவர் கோபப்படவில்லை, சத்தம் போடவில்லை. "ஆக்கள் ஆரெண்டு தெரியாமல் எப்பிடிக் குடுக்கிறது?" என்று மட்டும் கேட்டார். ஊரில் என்றால் இது ஒரு கிழமை வேலை. சம்பந்தப்பட்டவர்களிடம் வாயே திறக்கத் தேவையில்லை. சந்திக் கடைக்காரரையும், பக்கத்து ஊரில் கலியாணம் செய்த ஒரு மச்சாளையும் பிடித்தால் பாட்டனார் போட்ட வழக்குகள்கூட வந்து சேர்ந்துவிடும். இந்த நகரத்தின் வெக்ஸ்போர்ட் பகுதியில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் எதிர்க் கதவில் யார் இருக்கிறார்கள் என்றே எங்களுக்குத் தெரியாது. விசாரிக்க ஆளில்லாததால் என் கணவர் ஊரில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். பொடியனின் தாயைத் தேநீருக்குக் கூப்பிட்டு, வடையும் வைத்து, உங்கள் பரம்பரை எங்கேயிருந்து வந்தது என்று நேரே கேட்டார்.

அந்த அம்மா கணவரை இழந்தவர், மார்க்கம் என்ற பக்கத்து ஊரில், தோட்டக் காணிகளுக்கு நடுவே தனியாக இருக்கிறார். கேள்வியைக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பிள்ளைகள்கூட ஒருநாளும் இதைக் கேட்டதில்லை, வாயைத் திறந்தாலே கொட்டாவி விடுகிறார்கள் என்றார். அவருக்குத் தெரிந்தது கொஞ்சம். அவருடைய கணவரின் ஆட்கள் ஸ்கொட்லாந்திலிருந்து வட அயர்லாந்துக்குப் போய்க் குடியேறியவர்கள். அங்கேயிருந்து ஒருவர், அமெரிக்கா பிரிட்டனின் கையில் இருந்த காலத்தில், பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறினார். அவருடைய மகன் ஒருவன் பிற்பாடு எல்லை கடந்து வடக்கே, இந்த நாட்டுக்கு வந்தான். கப்பலேறிய அந்த மனிதரைப் பற்றிப் பெயரைத் தவிர வேறொன்றும் தெரியாது. இரண்டு பேருமாகத் தேடலாமா என்று அந்த அம்மா கேட்டார். சம்பந்தி வீட்டு விசாரணைக்குச் சம்பந்தியே துணைக்கு வந்தது எங்கள் பரம்பரையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் என் கணவர் இரண்டு பேருக்கும் சான்ட்விச் கட்டிக்கொண்டு நூல்நிலையத்துக்குப் போனார். அந்த அம்மா காரில் வருவார். பழைய காகிதங்களைப் படச்சுருளிலிருந்து பெரிதாக்கிக் காட்டும் நுண்படக் கருவிக்கு முன்னால் பக்கத்துப் பக்கத்தில் இருந்து பழைய வரிப் பட்டியல்களைப் பார்ப்பார்கள். மாலையில் அவர் வந்து எனக்குச் சொல்வார். அந்த ஊர் வேதக் கோயில் எரிந்துபோனது, அதோடு ஞானஸ்நானப் பதிவும் போனது. மற்றக் கோயிலில் போதகர் குதிரையில் ஊரூராகப் போனவர், எழுதி வைக்க நேரமில்லாத மனிதர். பெண்களுக்குப் பெயரே இல்லை. மனைவி என்றால் வெறும் "மனைவி"தான். அதை என் கணவர் ஒரு குறையாகச் சொல்லவில்லை. நான்தான் கேட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

பனிக்காலத்தின் நடுவில் அந்த மனிதர் பழைய பத்திரம் ஒன்றில் அகப்பட்டார். கப்பல் கூலிக்குக் காசில்லாமல், கரை சேர்ந்ததும் ஒரு முதலாளியிடம் சில வருடம் உழைத்துக் கழிப்பதாக ஒப்புக்கொண்டு வந்தவர். அந்த அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெறுங்கையோடு வந்து தலையெடுத்த மனிதர் என்று பக்கத்து மேசைக்காரரிடமெல்லாம் சொன்னாராம். என் கணவர் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே இருந்தார்.

"அடிமைக்குப் பாதி மாதிரி வந்திருக்கிறான். இதை ஊரிலை இருக்கிற அண்ணைக்கு என்னெண்டு எழுதுறது?"

"எழுதாமல் விடுங்கோ," என்றேன்.

அவரால் விட முடியவில்லை. அவர் ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் இருந்தவர். ஒரு மனிதன் யார் என்பது அவன் நின்ற காணியின் எல்லையில் இருக்கிறது என்று நம்புகிறவர். பிற்காலப் பட்டியல்களில் அதே பெயரில், அதே மாவட்டத்தில், இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவருக்கு நூறு ஏக்கரும் குதிரைகளும். மற்றவருக்கு ஒரு பசுமாடு. கூலிக்கு வந்தவர் பிறகு நூறு ஏக்கர்க்காரர் ஆனார் என்று காட்டிவிட்டால் அண்ணைக்கு எழுதலாம், கலியாணத்துக்கு நாள் வைக்கலாம். எந்தக் காகிதமும் அதைக் காட்டவில்லை. அந்த அம்மா பசுமாட்டுக்காரர்தான் தங்கள் ஆள் என்று சிரித்துக்கொண்டே சொல்வாராம். பென்சில்வேனியாவில் பழைய பத்திரங்கள் வைத்திருக்கும் அலுவலகத்துக்குக் கடிதம் போனது, பதில் வரவில்லை, இன்னொன்று போனது.

மகள் பொறுத்துத்தான் பார்த்தாள். பனி உருகத் தொடங்கிய ஒரு ஞாயிறு, மேசையில், சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, நீங்கள் தேடுற மனுசன் செத்து எத்தினை தலைமுறை. உயிரோட இருக்கிறவனோட ஒருக்கால் இருந்து கதைச்சியளோ?"

"அவசரப்படாதை பிள்ளை. இன்னும் ஒரு கடிதம் வரவேணும்."

"வந்தால்?"

அவர் சோற்றைப் பிசைந்தார். நான் இன்னும் கொஞ்சம் கறி போட்டேன். அவள் சாப்பிட்டு முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். எனக்கு அன்றே பயம் பிடித்தது. ஆனால் அந்தக் கடிதம் இந்தக் கிழமை வந்துவிடும், அடுத்த கிழமை வந்துவிடும் என்று நானும் தபால்பெட்டியைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

அப்படிப் பார்த்திருந்த ஒரு வெள்ளிக்கிழமைதான் மகளின் கலியாணச் செய்தி தொலைபேசியில் வந்தது. அடுத்த நாள் என் கணவர் வழமைபோல எழும்பிச் சவரம் செய்து கோட்டைப் போட்டார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"அந்த அம்மா வந்து நிப்பா. அவவுக்கும் தொலைபேசியிலைதானாம் சொன்னவை."

அந்த அம்மாவையும் கூப்பிடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு பக்கத்தைக் கூப்பிட்டு மற்றப் பக்கத்தை விடக்கூடாது என்று பிள்ளைகள் நினைத்திருக்கலாம். மகளும் மாப்பிள்ளையும் நாட்டின் மற்றக் கரைக்கு, வன்கூவருக்குப் போய்விட்டார்கள். இவர்கள் இரண்டு பேரும் இன்னும் சனிக்கிழமைகளில் அந்தக் கருவிக்கு முன்னால் இருக்கிறார்கள். என்ன கதைப்பார்களோ தெரியாது. சான்ட்விச் இப்போது நான் கட்டிக் கொடுக்கிறேன்.

போன மாதம் ஒருநாள் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார். "பசுமாட்டுக்காரன்தான் எண்டு வைப்பம். இப்ப என்ன?" பனி உருகிய அந்த ஞாயிறு, அந்த மேசையில், மகள் முன்னால் இருக்கும்போது அவர் இதைச் சொல்லியிருக்கலாம். நான் கறி போடாமல் வாயைத் திறந்திருக்கலாம். கலியாணத்துக்குக் குளிர்பெட்டியில் வரும் மல்லிகை கிடைக்குமா என்று கடைகடையாகக் கேட்டு வைத்திருந்தேன். கூறைச் சேலைக்குத் தங்கச்சியிடம் நிறம்கூடச் சொல்லி அனுப்பியிருந்தேன்.

இந்தச் சனிக்கிழமை தொலைபேசி அடித்தது. மகள்தான். குரல் களைத்திருந்தது. சாப்பிட்டாயா, அங்கே குளிரா என்று கேட்டேன். ஓம் என்றாள், இல்லை என்றாள். பிறகு கேட்டாள்.

"அப்பா எங்கை?"

"நூல்நிலையத்துக்கு. மாமியும்."

தொலைதூரக் கட்டணம் ஓடிக்கொண்டிருந்தது.

"கண்டுபிடிச்சாச்சோ அம்மா?"

அப்பா இப்போது அந்த மனிதரைத் தேடிப் போகவில்லை, மாமிக்குத் துணையாகத்தான் போகிறார் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. அதைத் தொலைபேசியில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"இன்னும் இல்லைப் பிள்ளை," என்றேன்.

"சரி. நான் பிறகு எடுக்கிறன்."

தொலைபேசியை வைத்த பிறகும், அவள் மறுபடி எடுப்பாள் என்று, நான் அதற்குப் பக்கத்திலேயே இருந்தேன். அவர் வந்து கதவைத் திறக்கும்போது அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.