வெசின் என்று சொன்னவள்

1646ஆம் ஆண்டு மோல்தாவியாவில் நாட்டுச் சட்டம் அச்சேறி வந்தது. அப்போது சாஃப்தாவுக்கு முப்பத்தொன்பது வயது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் அவள் கணவன் இரிமியா காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தான்.

சாஃப்தா வ்ரான்சியா மலைக்காரி. அங்கே காடும் மேய்ச்சலும் ஊருக்குப் பொது. யாரும் யாருக்கும் அடிமையில்லை. ஆடுகளெல்லாம் நோயில் செத்துப்போனதால் கணவனும் மனைவியும் மகள் இலிங்காவோடு சமவெளிக்கு இறங்கி, கிரிஸ்தியா பிரபுவின் நிலத்தை உழுதார்கள். விளைச்சலில் ஒரு பங்கு, பிரபுவின் வயலில் சில நாள் வேலை, விரும்பியபோது கிளம்பலாம். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வாயால் பேசிய ஒப்பந்தம். அப்படிப்பட்ட பேச்சை அந்நாளில் யாரும் எழுதி வைத்ததில்லை.

இலிங்காவுக்கு மலையில் திராகோமிர் என்ற பையனைப் பேசி முடித்திருந்தார்கள். பனி உருகியதும் சாஃப்தா வண்டி கட்டினாள். பிரபுவின் மேலாள் மனோலே வந்து மாட்டின் கயிற்றைப் பிடித்தான்.

"எங்க கெளம்பிட்ட?"

"எங்கண்ணன் ஊருக்கு. பொண்ணுக்குக் கல்யாணம்."

"சந்தோஷம். பிரபுவோட ஆளுங்க போறதுன்னா பிரபுகிட்ட ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

"நாங்க யாரோட ஆளும் இல்ல. பொழைக்க வந்தவங்க."

"அத நீதிபதிகிட்ட வந்து சொல்லு."

சாஃப்தா பயப்படவில்லை. ஊரில் மதிப்புள்ள ஆறு பேர் வேதப் புத்தகத்தில் கைவைத்துச் சத்தியம் செய்தால் வழக்கு முடிந்தது. காலங்காலமாக அதுதான் வழக்கம். வீடு வீடாகப் போய் ஆறு பேரைச் சேர்த்தாள். அவர்களில் மூத்தவர் பஹோமியே.

"எங்க ஆறு பேரு பல்லையும் சேத்தா ஒருத்தனுக்கு முழுசா காணாது. சத்தியம் பண்ணப் பல்லு எதுக்கு? வா தாயி, போலாம்" என்றார்.

நீதிபதியின் மேசையில் புதிய சட்டப் புத்தகம் இருந்தது. பெரியவர்களைக் கூப்பிடும் முன்பே எழுத்தர் அவளை விசாரித்தார்.

"உம் புருஷன் பிரபுவுக்கு என்ன ஆகணும்?"

செத்துப்போன மனிதனைத் தாழ்த்திப் பேச அவளுக்கு மனம் வரவில்லை. பிரபுவின் தோட்டம் முடிகிற இடத்தில்தான் அவர்கள் முற்றம் தொடங்கும். மலையில் அப்படிப்பட்டவனுக்கு வெசின் என்று பெயர், பக்கத்து வீட்டுக்காரன்.

"வெசினுங்கய்யா. வேலிக்கு வேலி. பிரபு வீட்டு வாத்து பாதி நாளு எங்க வாசல்லதான் மேயும்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. வாத்தை நினைத்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அவளும் சிரித்தாள்.

"வெசின்தானே? சரியா சொல்லு."

"ஆமாய்யா. நல்ல வெசின். ஒருநாளும் சண்ட கெடையாது."

எழுத்தர் எழுதினார். அவள் விரலை மையில் தோய்த்து அழுத்தினாள்.

நிலத்தோடு கட்டுண்டு, பிரபுவை விட்டுப் போக முடியாத குடியானவனுக்குச் சமவெளியின் பத்திரங்களில் அதே சொல்தான். ஊர்ப் பேச்சில் பிரபுவின் ஆட்கள் என்றுதான் சொல்வார்கள். வெசின் என்ற சொல்லுக்கு இப்படியொரு பொருள் உண்டென்று அவள் கேள்விப்பட்டதே இல்லை.

பஹோமியே பதறி எழுந்தார். "ஐயா, அது மலப்பேச்சு! அங்க வெசின்னா பக்கத்து வீட்டுக்காரன்!"

நீதிபதி கோபப்படவில்லை. பக்கங்களைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"பெரியவரே, தன் வாயால ஒத்துக்கிட்டதுக்கு எதிரா அடுத்தவங்க சத்தியம் நிக்காது. இதுல இருக்கு."

"அத எழுதினவன் இரிமியாவப் பாத்திருக்கானா?"

நீதிபதி அடுத்த வழக்கை அழைத்தார். ஆறு பேரும் சத்தியம் செய்யாமலே வெளியே நடந்தார்கள்.

வாசலில் சாஃப்தா பஹோமியேயின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நான் என்ன தப்பா சொல்லிட்டேன், பெரியப்பா?"

"தப்பா ஒண்ணும் சொல்லல தாயி. இரிமியாவுக்கு மரியாதையாத்தான் சொன்ன."

கூட வந்திருந்த இலிங்கா வீடு வரும்வரை அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

தப்பி ஓடிய குடிகளுக்கு இடம் கொடுப்பவனுக்குத் தண்டனை உண்டு என்று அதே புத்தகம் சொன்னது. தங்கச்சி, இந்தப் பக்கம் வந்துடாதே என்று அண்ணன் ஆளனுப்பினான். கீழே வந்து இலிங்காவைக் கட்டினால் திராகோமிரும் கட்டுண்டு போவான். அவன் அம்மா அழுது தடுத்துவிட்டாள். இலையுதிர்காலத்தில் அவன் மலையிலேயே வேறொருத்தியை மணந்தான். மறு ஆண்டு இலிங்காவைப் பிரபுவின் குதிரைக்காரனுக்குக் கட்டிவைத்தார்கள்.